நிறுத்துப் பாருங்கோ

நிறை குறைக்க வருகிறவர்களை இதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தராசில் ஏறமுன்னம் கைப்பை, போன், குடை எல்லாம் கதிரையில் இறங்கும். ஒரு அம்மா காதுத் தோட்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தவா. மாதக்கணக்காக வருவார்கள். ஒரு நாள், சொன்ன இலக்கத்தில் முள்ளு வந்து நிற்கும். நாங்கள் கைதட்டுவோம். அவர்கள் சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போவார்கள்.

பிறகு?

கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கிற தாதிப் பிள்ளைகளே, என் வேலைக்காலம் முழுக்க என்னைக் குடைந்த கேள்வி இந்த ‘பிறகு’தான். அந்தப் படிக்கு அப்பால் என்ன நடக்கிறது? கைதட்டல் ஓய்ந்த அடுத்த நாள் காலமை அந்த மனுசி குசினிக்குள் போய் என்ன செய்வா? எந்தப் பாத்திரத்தை முதலில் திறப்பா? நான் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாத ஆள். வயது வருமுன்னமே ஓய்வைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டது. இப்போதும் சந்தையில் யாரையாவது கண்டால் முகத்தைப் பார்க்க முதல் இடுப்பைத்தான் பார்க்கிறேன். வெட்கம்தான். என்ன செய்கிறது.

எங்கள் பக்கத்தில் உடம்பின் பாரத்தை நிறை என்கிறோம். யோசித்துப் பாருங்கள். நிறைகுடம், நிறைமாதம், நிறைந்த வெள்ளி. எங்களிடம் உள்ள நல்ல சொற்கள் பாதி அந்த வேரில் காய்த்தவை. அதைப் போய், பசி என்றால் என்ன என்று சண்டைக் காலத்தில் தெரிந்துகொண்ட ஒரு சனத்திடம், ‘குறையுங்கோ’ என்று சொல்கிற வேலை எங்களுக்கு. அதையும் சொல்லிக் குறைக்க வைத்த பிறகு, ‘இதிலேயே நில்லுங்கோ’ என்று சொல்கிற வேலை இன்னொன்று. முதலாவதை உங்களுக்குப் படிப்பித்து அனுப்பியிருப்பார்கள். இரண்டாவதை எனக்கு ஒரு அக்காவும் தம்பியும் படிப்பித்தார்கள். அதுவும் ஒரு எழுத்தை வைத்து.

தவமணி நெடுங்கேணிக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே வயல்செய்கிற குடும்பம். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி பெற்றவர்கள். அவாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. புருசன் வயலும் உழவு மெசினுமாக இருப்பார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெட்டைகள். அதே வளவுக்குள், கலியாணம் கட்டாத தம்பி கேதீஸ். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போய், கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் தப்பலாம். நான் தாறன் என்று அக்கா முன்னுக்கு வந்தா. இரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. நிறை மட்டும் வழிவிடவில்லை. “இவ்வளவு பாரத்தோட உங்களில கத்தி வைக்கேலாது, குறைச்சுக்கொண்டு வாங்கோ” என்று பெரிய ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் என் கதிரைக்கு முன்னால் வந்து இருந்தா.

குறைத்த கதையைச் சொல்லி நேரத்தைப் போக்கமாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்த கதை. தவமணி அதை ஒரு விரதமாகப் பிடித்தா என்று மட்டும் சொல்கிறேன். காலமை குளக்கட்டில் நடை. அரைக் கோப்பைச் சோறு, மிச்சம் முழுக்க இலைக்கறி. சீனியில்லாத பிளேன்ரீ. ஊர் சும்மா இருக்குமா? “என்ன தவமணி, காஞ்சு போனாய், தம்பியின்ர வருத்தம் உனக்கும் தொத்திட்டுதோ?” என்று வேலிக்கு மேலால் கேட்டார்களாம். “ஓம், அன்பு தொத்துற வருத்தம்தானே” என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்திருக்கிறா. மாரி போய்க் கோடை வந்து, குளம் வற்றி, நடக்கிற கட்டு வெடித்துக் கிடந்த காலத்தில், முள்ளு வந்து நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

நாங்கள் கைதட்டினோம். அவா இறங்கவில்லை. தராசில் நின்றபடியே என்னைப் பார்த்தா.

“இனி என்ன மிஸ்ஸி?”

“இனி இதை வைச்சிருக்கவேணும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“ஆஸ்பத்திரி கூப்பிடும் வரைக்கும். பிறகு, ஒண்டைக் குடுத்திட்டு மிச்ச ஒண்டோட இருக்கிற காலம் முழுக்க.”

“முடிவில்லாத விரதமோ! அப்ப பாறணை எப்ப?”

பாறணை தெரியும்தானே. விரதம் முடிந்த விடிய, தோய்ந்து, கும்பிட்டு, பட்டினி கிடந்த வாய்க்கு ஒரு முழுச் சமையல். எங்கள் ஆட்களுக்கு நோன்பு பிடிக்கத் தெரியும். ஆறு நாள், இருபத்தொரு நாள், பச்சைத்தண்ணியில் கூட இருப்பார்கள். ஆனால் எல்லா விரதத்துக்கும் கடைசியில் ஒரு வாழையிலை இருக்கிறது. இலை இல்லாத விரதத்தை நான் அவாவிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். அவாவின் முகம் அப்போது போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம். பயம் இல்லை. ஊர் தெரியாத பஸ்ஸில் ஏறிவிட்ட ஆளின் முகம்.

குறைக்கிறது மரம் ஏறுகிற மாதிரி. வைத்திருக்கிறது மரத்திலேயே குடியிருக்கிற மாதிரி. ஏறத் தெரிந்தவனுக்குக் கொப்பில் நித்திரை கொள்ளத் தெரியவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அதனால் அவாவைக் கதிரையில் இருத்தி, எனக்குத் தெரிந்த வழிகளை எடுத்துப் போட்டேன். இப்ப சாப்பிடுகிற மாதிரியே சாகும்வரை சாப்பிடலாம். பலருக்கு அது சில மாதத்தில் கசந்துவிடும். நாலு பழக்கத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளரவிடலாம். இல்லையென்றால் சாப்பாட்டை எண்ணாமல், கிழமைக்கு ஒருதரம் தராசில் ஏறி, இரண்டு கிலோ கூடினால் மட்டும் உசாராகலாம்.

“நீங்களே ஒண்டைச் சொல்லிவிடுங்கோ மிஸ்ஸி.”

“அது உங்கட வீடு, உங்கட வாய். நீங்கள்தான் தெரிவுசெய்யவேணும்.”

“அப்ப வீட்டில கதைச்சிட்டுச் சொல்லுறன்.”

சில நாள் கழித்து நானே போன் எடுத்தேன். கேதீஸ்தான் எடுத்தான். அக்கா வயலில் என்றான். கிழமைக்கு ஒருக்கா நிறுக்கிற முறைதான் அவாவுக்குப் பிடிச்சிருக்காம், அதையே செய்யலாமோ என்று கேட்கச் சொன்னவாவாம்.

“நல்லது. கிழமைக்கு ஒருக்கா நிறுத்துப் பாக்கச் சொல்லும். நெல்லு மில்லில தராசு கிடக்குத்தானே. ரெண்டு கிலோ ஏறினா உடன என்னட்ட வரச் சொல்லும்.”

“ஓம் மிஸ்ஸி. சொல்லிவிடுறன்.”

அடுத்த கிளினிக்குக்குத் தவமணி வரவில்லை. வயல் வேலை என்று நினைத்தேன். அதற்கடுத்ததுக்கு வந்தா. படியேறும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சட்டையின் கைப்பக்கம் இறுகியிருந்தது. தராசில் ஏற்றினேன். ஆறு கிலோ கூட.

நான் வாயைத் திறக்க முதல் அவா திறந்தா. “என்னைப் பேசாதேங்கோ. நீங்கள்தானே ஒரு கிழமை நிறுத்திப் பாக்கச் சொன்னனீங்கள்!”

“நிறுத்தி… என்ன?”

“நடையை, அரைக் கோப்பையை, எல்லாத்தையும். ஒரு கிழமை நிறுத்திப் பாக்கட்டாம், ஏறினா பிறகு பாப்பம் எண்டு சொன்னீங்களாம். நானும் சரி, பாறணை வந்திட்டுது எண்டு உழுந்தைப் போட்டு வடை சுட்டன். பிறகு அந்தக் கிழமை முடியவேயில்லை மிஸ்ஸி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ தவமணி, நான் சொன்னது நிறுத்துப் பாருங்கோ. தராசில. து! நீங்கள் கேட்டது தி!”

எங்கள் பாசையைப் பாருங்கள் பிள்ளைகளே. நிறுத்துப் பார் என்றால் தராசில் ஏறு. நிறுத்திப் பார் என்றால் கையை எடு. நடுவில் ஒரு உகரமும் ஒரு இகரமும். போன் லைன் கொஞ்சம் கரகரத்தால் போதும், ஒரு வருடப் பாடு வடையோடு போய்விடும். மருந்து கட்டுகிற பிள்ளை சிரித்தது, வரிசையில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள், தவமணியே தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தா. “இந்தக் கேதீசுக்குக் காதும் பழுதாப் போச்சுது!” வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்ற கேதீசும் சிரித்தான்.

ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தான். அந்தப் பிந்தின சிரிப்பு, பல்லில் சிக்கின நார் மாதிரி என்னிடம் தங்கிவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் பாரம் தெரிந்தது. ஆஸ்பத்திரி அவாவைத் திரும்பச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தது. கந்தசஷ்டி முடிந்த கையோடு போகவேண்டும். கூடின நிறையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். கேதீசின் உடம்பு மெசினுக்குக் களைக்கத் தொடங்கியிருந்தது. “இந்த முறை தவறினா அவன் அடுத்த முறைக்கு இருக்கமாட்டான் மிஸ்ஸி” என்று தவமணி சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டா, அவன் வாசலில் நின்றபடியால்.

திரும்ப நடை, திரும்ப அரைக் கோப்பை என்று அனுப்பிவைத்தேன். சஷ்டி தொடங்கி நாலாம் நாள் அவா தனியாக வந்தா. உதடு வெடித்திருந்தது. கதைக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

“விரதமோ?”

“ஓம். முருகனுக்கு.”

“தண்ணி?”

உதட்டைக் கையால் மறைத்தா.

“முருகனுக்கோ, ஆஸ்பத்திரித் தராசுக்கோ?”

கண் கலங்கியது, கலங்கவும் கண்ணில் நீர் போதாது போலிருந்தது. “ரெண்டுக்கும்தான் வைச்சுக்கொள்ளுங்கோ. இன்னும் ரெண்டு நாள் பல்லைக் கடிச்சா இறங்கிடும்.”

அன்றைக்கு டொக்ரர் இல்லை. வேறு இடத்தில் கூட்டம்; போனும் எடுபடவில்லை. வரிசை வாசல்வரை நின்றது. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். கேட்க ஆளில்லாமல், உங்கள் வாயில் இருந்து வருகிற அடுத்த வசனம் ஒரு குடும்பத்தைத் திருப்பிப்போடும். தண்ணி இல்லாமல் காய்ந்துபோய்ப் போனால் நிறை இறங்கித் தெரியும், உண்மைதான். ஆனால் சோதனையில் சிறுநீரகம் களைத்ததாகத் தெரியும். நிறைக்காகத் திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் இருக்கிறது. சிறுநீரகமே சரியில்லை என்று எழுதிவிட்டால் இல்லை. இவ்வளவும் எனக்கு விளங்கியது. ஆனால் அவாவிடம் ‘விரதத்தை விடுங்கோ’ என்று சொன்னால்?

நினைத்ததையே அவா சொன்னா. “நடுவில முறிச்சா அது தம்பியில போய் விடியும் மிஸ்ஸி.”

நான் மேசையைச் சுற்றி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தேன். “முறிக்கவேண்டாம். பால் பழத்தோட பிடிக்கிற ஆக்களும் இருக்கினம்தானே? பிள்ளைத்தாய்ச்சியள், வருத்தக்காரர்? நீங்களும் இப்ப ஒரு வருத்தக்காரனுக்கு உடம்பைக் குடுக்கப்போற ஆள். பால் குடியுங்கோ, பழம் எடுங்கோ, தண்ணி நிறையக் குடியுங்கோ. பாறணைக்கு அளவாச் சாப்பிடுங்கோ. உள்ள நிறையோட போங்கோ.”

“போய்த் திருப்பி அனுப்பினா?”

“அனுப்பினா அனுப்பட்டும். ஆனா நீங்கள் கொண்டுபோறது நிறையை இல்லை, கிட்னியை. அது நல்லாப் போகவேணும்.”

சொல்லிவிட்டேனே தவிர, அவா படியிறங்கிப் போனதும் டொக்ரரின் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். சரியான முடிவு என்றால் மனம் ஆறும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்து நேரே என்னிடம் வந்தா. சிறுநீரகம் நல்லம் என்றார்களாம். நிறை இன்னும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் அது பரவாயில்லையாம். “ஏறி இறங்கி ஆடுற நிறையைத்தான் நம்பேலாதாம் மிஸ்ஸி. இனிக் குறைக்கவேண்டாமாம், கூட்டவும் வேண்டாமாம். தைப்பொங்கல் கழிய இதே நிறையோட வரட்டாம். அப்படி வந்தா நாள் குறிப்பினமாம்.”

பாருங்கள், நாங்கள் கைதட்டி முடித்து வைத்த இடத்தில்தான் உண்மையான சோதனை தொடங்கியது. நடுவில் நத்தார் கேக், வருடப்பிறப்பு, பொங்கல், சர்க்கரைப் புக்கை. அசையாமல் நிற்கவேண்டும்.

இந்த முறை நான் வழிகளை எடுத்துப் போடவில்லை. கேள்வி கேட்டேன். ஊர்வம்பு, விடுப்புக் கேட்கிற கிழவி மாதிரி, ஒரு நாள் முழுக்க வாய்க்குள் போகிறதைச் சொல்லச் சொன்னேன். காலமை இவ்வளவு, மத்தியானம் இவ்வளவு என்று சொன்னா. எல்லாம் ஒழுங்கு. ஒழுங்கான சாப்பாட்டில் ஆறு கிலோ எங்கால் வந்தது?

“சாப்பாடு எண்டு சொல்லாத சாப்பாடு ஏதும்?”

கொஞ்சம் யோசித்தா. “கேதீசின்ர மிச்சம்.”

“என்ன மிச்சம்?”

“அவன் ஏலாது எண்டு அரைவாசியை என்ர கோப்பைக்குத் தள்ளிவிடுவான். மெசினுக்குப் போய் வரேக்க பேக்கரிப் பணிஸ் வாங்கியருவான், மிக்ஸர், கதலிப்பழம். பிறகு டொக்ரர் வேண்டாம் எண்டவர், நீ சாப்பிடு அக்கா எண்டுவான். சாப்பாட்டைக் கொட்ட எனக்கு மனம் வராது மிஸ்ஸி. நாங்கள் கிடந்த கிடைக்கு…”

வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை, இந்தப் பக்கத்தில் அந்த வசனத்தை யாரும் முடிக்கிறதில்லை.

ஆனால் என் மனம் வேறொன்றில் நின்றுவிட்டது. தனக்குக் கூடாது என்று தெரிந்த சாமானை ஒரு ஆள் ஒவ்வொரு முறையும் ஏன் வாங்கி வருகிறான்?

அந்தக் கிழமையே கேதீஸைப் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். அளவுக்கு மேல் தண்ணி குடிக்கக்கூடாதவர்கள் செய்கிற வேலை. மடியில் ஒரு பை. பணிஸ் வாசம் வந்தது.

“ஆருக்கு?”

“அக்காவுக்கு.”

“கேதீஸ், அண்டைக்குப் போனில நான் சொன்னது உமக்கு என்னெண்டு கேட்டது?”

ஐஸ் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டிரக்டர் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“து எண்டுதான் கேட்டது மிஸ்ஸி. வடிவாக் கேட்டது.”

“பிறகு?”

“நான்தான் தி ஆக்கினனான்.”

அவனே தொடர்ந்தான். “அவாவுக்கு ரெண்டு பெட்டையள். நான் தனி ஆள். எனக்காண்டி அவாவை வெட்டுறதோ? வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான். அக்காவோட கதைச்சு ஆர் வெண்டது? அதுதான் கதைக்காமல் சாப்பாட்டால சொன்னனான். நிறை ஏறினா ஆஸ்பத்திரியே வேண்டாம் எண்டிடும். ஒருத்தரிலயும் பிழையில்லை.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “அக்காட்டச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்ஸி” என்றான்.

இப்படி ஒரு நேரத்தில் எங்களுக்குள் இருக்கிற வாத்தியார் எழும்பி நிற்பார், பேசுவதற்கு. அவரை இருத்துங்கள். நான் அப்போது மூன்று யோசனைக்கு நடுவில் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. தன் உடம்புக்குள் என்ன போகிறது, ஏன் போகிறது என்று அறிய அவாவுக்கு உரிமை உண்டு. இவன் இதைத் தொடர்ந்தால் பொங்கலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் போய்ச் சொன்னால் அது காட்டிக்கொடுப்பு. சொல்லாமல் விட்டால் அதுவும் காட்டிக்கொடுப்புத்தான், மற்றப் பக்கத்துக்கு.

“நான் சொல்லமாட்டன்” என்றேன். “நீர்தான் சொல்லவேணும். அடுத்த கிளினிக்குக்கு ரெண்டு பேரும் வாங்கோ. வேண்டாம் எண்டா வாயால வேண்டாம் எண்டு சொல்லும், நான் உம்மட பக்கத்தில நிக்கிறன். ஆனா பணிசுக்குப் பின்னால ஒளிக்கவேண்டாம். சொல்லாமல் விட்டீரோ, அண்டைக்கு உம்மை வைச்சுக்கொண்டே நான் கேப்பன்.”

பஸ் வந்தது. அவன் அந்தப் பையை என் மடியில் வைத்துவிட்டு ஏறிப்போனான். அந்தப் பணிஸை நான்தான் சாப்பிட்டேன். எனக்கும் கொட்ட மனம் வராது.

அடுத்த கிளினிக்கில் சொன்னான். தராசுக்குப் பக்கத்தில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வசனத்தில். தவமணி முதலில் விளங்காத மாதிரி என்னைப் பார்த்தா. பிறகு அவனைப் பார்த்தா.

“சாப்பாட்டிலயோடா விளையாடினனி?”

“வேற என்னத்தில உன்னோட விளையாடுறது?”

“எனக்கு ரெண்டு கிடக்கு. ரெண்டையும் வைச்சு நான் என்ன, நெல்லே அவிக்கிறது?”

“உனக்கு ஏதும் நடந்தா பெட்டையளை ஆர் பாக்கிறது?”

“உனக்கு ஏதும் நடந்தா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?”

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தவமணி சிரிக்கவில்லை. கிட்டப் போய் அவனுடைய சேட்டுக் கொலரைச் சரிசெய்தா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி. “பயமாத்தான் கிடக்கு, எனக்கும். ஒவ்வொரு நாளும் அந்தக் குளக்கட்டில பயந்து பயந்துதான் நடந்தனான். நீ வேண்டாம் எண்டா வேண்டாம் எண்டு சொல்லு. விடுறன். ஆனா நான் கஷ்டப்பட்டு இறக்கினதை ஒளிச்சு ஒளிச்சு ஏத்தாத.”

கேதீஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினான்.

“என்ர நிறையையும் பாருங்கோ மிஸ்ஸி.”

அதுதான் அவன் சொன்ன ஓம். அவனுக்கும் ஒரு நிறை உண்டு, பிள்ளைகளே. ஒரு மெசின் நாளுக்கும் அடுத்த மெசின் நாளுக்கும் இடையில் உடம்பில் தண்ணி ஏறாமல் வைத்திருக்கவேண்டும். அன்றைக்கு அவனுக்கு நன்றாக ஏறியிருந்தது. அக்காவுக்கு உண்ணக் கொடுத்தவன், தன்னை விட்டுவிட்டிருந்தான்.

அந்த இடத்தில்தான் முறை பிறந்தது. நான் கண்டுபிடிக்கவில்லை, அவாவும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிறு காலமை இரண்டு பேரும் நெல்லு மில்லுக்குப் போவது, மூட்டை நிறுக்கிற தராசில் ஒருவர் பின் ஒருவராக ஏறுவது. அவன் தண்ணியைக் காப்பது, அவா சோற்றைக் காப்பது. ஒருவர் ஆடினால் மற்றவருக்குத் தெரியும். மில்லுக்காரர், “எந்த ரக நெல்லு இது?” என்று கேட்பாராம். “பழைய நெல்லு, ஒண்டு ஈரம், மற்றது காய்ஞ்சது” என்பானாம் கேதீஸ்.

மிச்சச் சாப்பாட்டுக்குத்தான் வழி தெரியாமல் முழித்தோம். அவன் உண்மையிலேயே பாதிதான் சாப்பிடுவான். அவாவுக்கு உண்மையிலேயே கொட்ட மனம் வராது. ‘மனதைத் திடப்படுத்துங்கோ’ என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லித் தோற்ற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். வைத்திருக்கிற முறை என்பது ஒரு ஆளின் மிகப் பழைய பயத்தோடு சண்டைக்குப் போகக்கூடாது. சண்டைக்குப் போனால் பயம்தான் வெல்லும். கடைசியில் கேதீஸ்தான், “கோழி வாங்குவம்” என்றான். நாலு கோழி வாங்கினார்கள். பிறகு அக்காவின் கோப்பைக்குத் தள்ளவேண்டியது கோழிக்குப் போனது. ஒன்றும் வீணாகவில்லை. காயப்போட்ட நெல்லில் கோழி ஏறுகிறது என்று தவமணியின் புருசன் மட்டும் என்னைப் பேசிக்கொண்டு திரிந்தார்.

பொங்கலன்று அவா புக்கை சாப்பிட்டா. ஒரு கரண்டி இல்லை, வாழையிலையில் வைத்து, நன்றாக. அடுத்த ஞாயிறு முள்ளு கொஞ்சம் ஏறியிருந்தது, அதற்கடுத்த ஞாயிறு திரும்பியிருந்தது. எனக்கு அதுதான் வியப்பு. அசையாமல் நிற்கிறது என்றால் கல்லு மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளத்துத் தண்ணி மாதிரிப் போலிருக்கிறது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், கட்டுக்குள் இருக்கும்.

பொங்கல் கழியப் போனார்கள். நிறை சரி என்றார்கள். நாள் குறித்தார்கள். வெட்டினார்கள், வைத்தார்கள். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

‘பிறகு’ என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்கப் பழகுங்கள். அவாவுக்கு இப்போது ஒன்றுதான், அவனுக்கும் அக்காவின் ஒன்றுதான். இரண்டையும் கவனமாக வைத்திருக்கவேண்டும். அவன் இப்போது விரும்பின அளவு தண்ணி குடிக்கலாம். ஆனால் மருந்து அவனுக்குப் பசியைக் கிளப்பிவிட்டிருக்கிறது. நிறை ஏறப் பார்க்கிறது அவனுக்குத்தான். அக்காதான் காவல்.

நான் ஓய்வெடுத்து வந்த பிறகு, போன மாதம் ஒரு ஞாயிறு காலமை போன் அடித்தது. கேதீஸ். பின்னால் ஒரே இரைச்சல்.

“மிஸ்ஸி, அக்கா நிறுத்திட்டா!”

எழுத்தில்தான் து வேறு, தி வேறு. அவசரமாகக் கதைக்கும்போது ‘நிறுத்துவிட்டா’வும் ‘நிறுத்திவிட்டா’வும் எங்கள் வாயில் ‘நிறுத்திட்டா’ என்று ஒன்றாகத்தானே வருகிறது. நடையை நிறுத்திவிட்டாவோ? எல்லாத்தையுமோ?

“எந்த நிறுத்திறது? துவோ, தியோ? வடிவாச் சொல்லும்!”

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். இந்த முறை பிந்தவில்லை. இரைச்சலுக்குள் மில்லுக்காரரின் குரலும், “வாடா, என்ர முறை முடிஞ்சுது, நீ ஏறு” என்ற தவமணியின் குரலும் கேட்டன.

“து, மிஸ்ஸி” என்றான். “து!”